மொட்டை மாடி வாரண்டி: பணம் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள 13 குறிப்புகள்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் தளத்து வேலைக்கு ஏற்றது மாசி முதல் வைகாசி வரையிலான வெயில் காலம். ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்து ஐப்பசி மழை பிடித்துவிட்டால், ஈரத் தளத்தில் எந்தப் பூச்சும் ஒட்டாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பதிவானது. அப்படி ஒரு மழை வந்தால்தான் தளத்தின் லட்சணமும் வாரண்டியின் லட்சணமும் தெரியும். 'பத்து வருஷம் வாரண்டி இருக்கு' என்று வாயால் சொல்வது போதாது. யார், எதற்கு, எதுவரை பொறுப்பு என்று தாளில் இருக்க வேண்டும்.

1. இரண்டு வாரண்டி கேளுங்கள். வாட்டர்புரூஃபிங் மருந்துக்கோ ஷீட்டுக்கோ கம்பெனி தருவது பொருள் வாரண்டி. அதைப் பூசியவர், மாட்டியவர் தர வேண்டியது வேலை வாரண்டி. பொருள் நன்றாக இருந்து, தளத்தைச் சுத்தம் செய்யாமல் பூசியதால் ஒழுகினால் கம்பெனி கையை விரித்துவிடும். காண்ட்ராக்டர் எழுதிக் கொடுத்த தாள் இருந்தால்தான் அப்போது கேட்க முடியும்.

2. என்ன கிடைக்கும் என்று பாருங்கள். பல வாரண்டிகளில் மாற்றுப் பொருள் மட்டும் கிடைக்கும். பழைய பூச்சைச் சுரண்டும் கூலி, மறுபடி பூசும் கூலி, கீழே பாழான பெயின்ட், ஃபால்ஸ் சீலிங் எல்லாம் உங்கள் செலவு. 'கூலியும் சேர்த்தா?' என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்.

3. வருஷக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். வாரண்டி பில் தேதியிலிருந்தா, வேலை முடிந்த நாளிலிருந்தா? ஈடு முழுசா, வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகுமா? குறையும் வகையாக இருந்தால், 20,000 ரூபாய்ப் பொருளுக்குப் பத்து வருஷ வாரண்டியில் ஆறு வருஷம் முடிந்தபின் மிஞ்சுவது 8,000 ரூபாய்தான்.

4. 'பொருந்தாது' என்ற பகுதியை முதலில் படியுங்கள். பொடி எழுத்தில் இருக்கும் பகுதி அதுதான். தண்ணீர் தேங்கும் தளம், கான்கிரீட்டில் விழுந்த விரிசல், கம்பி துருப்பிடித்து உப்பிய இடம், பிறகு போட்ட துளை, புயல், நிலநடுக்கம் ஆகியவை பெரும்பாலும் அங்கே வரிசையாக இருக்கும். உங்கள் மாடியில் ஏற்கெனவே உள்ள குறை அந்த வரிசையில் இருந்தால், அதைச் சரிசெய்யாமல் மேலே பூசுவது வீண் செலவு.

5. வாட்டத்தைச் சரிபார்த்து வாங்குங்கள். பத்தடிக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை வடிகுழாய்க்கு எட்ட உள்ள மூலையில் ஊற்றிப் பாருங்கள். அது தயங்காமல் வடிகுழாய் வாய்க்கு ஓட வேண்டும். கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையை விரலால் தடவுங்கள். கூராக இருந்தால் தண்ணீர் அங்கேதான் உள்ளே இறங்கும். வளைவாகப் பூசி, வாட்டர்புரூஃபிங்கைச் சுவரிலும் ஏற்றியிருக்க வேண்டும்.

6. தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகே கடைசித் தவணை. பூச்சு நன்றாகக் காய்ந்தபின் வடிகுழாய் வாயைத் துணியால் அடைத்து, ஓர் அங்குலத் தண்ணீரை 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் நிறுத்துங்கள். நம் ஊர் வெயிலில் நீர்மட்டம் தானாகவே குறையும். அதனால் மேலே அளப்பதைவிட, கீழே சீலிங்கிலும் சுவர் மூலையிலும் ஓதம் காண்கிறதா என்று பாருங்கள். ஓர் அங்குலத் தண்ணீர் சதுர அடிக்குச் சுமார் 2.4 கிலோ எடை. மரக்கட்டை பரப்பிக் கட்டிய பழைய காரை வீடுகளில் இந்தச் சோதனை வேண்டாம்.

7. ஷீட் கூரைக்குத் தனிக் கவனம். கலர் ஷீட்டில் துருப்பிடித்து ஓட்டை விழாது என்பதற்கு ஒரு வாரண்டியும், நிறம் மங்காது என்பதற்கு வேறொன்றும் இருக்கலாம். பெரிய எண்ணைப் பார்த்து இரண்டுக்கும் அதுதான் என்று எண்ணாதீர்கள். ஷீட் மேல் சிமென்ட் கலவை படிந்திருப்பது, கட்டிங் மிஷின் சிதறிய இரும்புத் தூளைப் பெருக்காமல் விடுவது, ஏசியின் செம்புக் குழாய்த் தண்ணீர் சொட்டுவது மூன்றும் பூச்சை அரிக்கும்; வாரண்டியையும் கெடுக்கும். பாலிகார்பனேட் ஷீட்டில் வெயில் தடுப்புப் பக்கம் மேலே வர வேண்டும். திருப்பி மாட்டினால் சீக்கிரமே மஞ்சளித்துவிடும், ஈடும் கிடைக்காது.

8. சோலார், டேங்க், கேபிள்: ஒரு துளைக்கும் அனுமதி கேளுங்கள். வாட்டர்புரூஃபிங் செய்த தளத்தில் போல்ட் இறக்கினால், முதலில் வேலை செய்தவர் அதையே காரணம் காட்டுவார். சோலார் வைக்கும் எண்ணம் இருந்தால் கால்களுக்கான மேடையை முதலிலேயே கட்டி, அதன்மேல் பூச்சைப் போடச் சொல்லுங்கள்.

9. ஒரு பைலில் எல்லாம். ஜிஎஸ்டி பில், வாரண்டி அட்டை, டப்பாவின் பேட்ச் எண், பணம் அனுப்பிய ஆதாரம் ஆகியவற்றோடு வேலைக்கு முன், நடுவில், பின் எடுத்த போட்டோக்கள் வேண்டும். 'பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்' என்ற சலுகையை ஏற்றால், வாரண்டியை நீங்களே விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

10. இப்படி எழுதி வாங்குங்கள். "மேற்படி வீட்டின் ........ சதுர அடித் தளத்துக்கு இன்ன பொருளை இத்தனை கோட் பூசியுள்ளேன். ........ தேதியிலிருந்து ........ ஆண்டுகளுக்குள் ஒழுகினால், தகவல் கிடைத்த 15 நாட்களுக்குள் பொருள், கூலி இரண்டும் என் செலவில் சரிசெய்து தருகிறேன்." கீழே இருவர் கையெழுத்து, முகவரி, தேதி. வீட்டை விற்றால் வாங்குபவருக்கும் இது செல்லும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

11. சட்டம் தரும் பாதுகாப்பு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, பிரிவு 14(3)-ன்படி, புரமோட்டரிடம் வாங்கிய வீட்டில் சாவி வாங்கிய ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறையைத் தெரிவித்தால், 30 நாட்களுக்குள் அவர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். சொந்த மனையில் கொத்தனார், காண்ட்ராக்டர் வைத்துக் கட்டியவர்களுக்கு இந்தப் பிரிவு உதவாது. சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் அப்படிக் கட்டிய வீடுகள் நிறைய. அவர்களுக்கு உள்ளது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. வீடு கட்டும் பணி அதில் 'சேவை' என்றே சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் உங்கள் மேற்பார்வையில் நாள் சம்பளத்துக்கு வேலை பார்த்த ஆளின்மேல் இந்தச் சட்டப்படி வழக்கு நிற்பது கடினம். ஒப்பந்தமாகப் பேசிக் கொடுங்கள். தொழிலுக்காக வாங்கியது நுகர்வோர் கணக்கில் வராது என்றாலும், பிழைப்புக்காகச் சுயமாகத் தறி ஓட்டும் நெசவாளர் தன் தறிக்கூடக் கூரைக்காகப் புகார் செய்யலாம். சட்டம் அந்த விலக்கைத் தந்திருக்கிறது.

12. ஒழுகினால் உடனே செய்ய வேண்டியவை. தேதி தெரியும்படி போட்டோ, வீடியோ எடுங்கள். கம்பெனிக்கும் காண்ட்ராக்டருக்கும் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு, ஸ்பீட் போஸ்டில் கடிதமும் அனுப்புங்கள். அவர்கள் வந்து பார்க்கும் முன் வேறு ஆளை வைத்து ஒட்டுப் போட வேண்டாம். தார்ப்பாய் விரித்துச் சமாளியுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. குறை தெரிந்த இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

13. ஆடிக் காற்றுக்குக் காப்பீடு. காற்றில் ஷீட் பறந்தாலோ வெள்ளம் புகுந்தாலோ வாரண்டி உதவாது. 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டைத் தருகின்றன. புயல், வெள்ளம் இரண்டும் அதில் அடங்கும்.

வாரண்டி இருந்தாலும் பராமரிப்பு உங்களுடையது. புரட்டாசிக்குள் ஒருமுறை மாடி ஏறி, வடிகுழாய் வாயில் அடைத்த சருகை அள்ளுங்கள். சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு பிடுங்குங்கள். அப்படியே வாரண்டித் தாளையும் எடுத்து, அது முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்தத் தேதிக்கு முந்தைய மழைக்காலம்தான் நீங்கள் கேட்டு வாங்கக்கூடிய கடைசி வாய்ப்பு.