புரோகிராம் எழுதக் கருவிகள்: எதைத் தேர்ந்தெடுப்பது? எப்படி வாங்குவது?



கொத்தனாருக்குக் கரண்டியும் தூக்குக்குண்டும் போல, புரோகிராமருக்கும் கருவிகள் உண்டு. எழுத எடிட்டர், எழுதியதை இயந்திர மொழியாக மாற்றக் கம்பைலர், தவறைத் தேட டீபக்கர், பழைய பிரதிகளைக் காக்க வெர்ஷன் கண்ட்ரோல். டிப்ளமோ முடிக்க இந்த நான்கும் போதும். இவற்றை நம் கைக்காசுக்குள் அடக்குவது எப்படி என்று பார்ப்போம்.

1. விலை குறைந்த கதை

ஒரு காலத்தில் கம்பைலர் என்றாலே பல நூறு டாலர். 1983-ல் போர்லாண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கலை 49.95 டாலருக்குக் கொடுத்தபோது மாணவர்களும் வாங்க முடிந்தது. அதே 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். அதிலிருந்து 1987-ல் ஜி.சி.சி. கம்பைலர் வந்தது. இதற்குக் காசு வேண்டாம்; இதன் மூல நிரலையே திறந்து படிக்கலாம். இதில் கம்பைல் செய்த நம் புரோகிராமை விற்கவும் தடையில்லை.

2. பழைய கருவியின் பிரச்சினை

பல லேபுகளில் இன்றும் டர்போ சி++ நீலத் திரைதான். அது 16 பிட் டாஸ் காலத்துக் கருவி. இன்றைய 64 பிட் விண்டோசில் டாஸ்பாக்ஸ் போன்ற துணை இல்லாமல் ஓடாது.

ஒரு சின்னச் சோதனை. இரண்டு இன்ட் மாறிகளில் 200, 200 என்று வைத்துப் பெருக்கி, விடையையும் இன்ட்டிலேயே வைத்து அச்சிடுங்கள். டர்போவில் -25536 என்று வரும்! அங்கே இன்ட் 2 பைட். 32767-க்கு மேல் தாங்காது. 40000-லிருந்து 65536 கழிந்து விடுகிறது. நம் கம்ப்யூட்டரில் ஜி.சி.சி. போட்டால் இன்ட் 4 பைட். விடை சரியாக 40000. இன்டர்வியூவில் இன்ட்டின் அளவைக் கேட்டால், "கம்பைலரைப் பொறுத்தது" என்று காரணத்தோடு சொல்பவருக்குத்தான் மதிப்பு.

ஜி.சி.சி.யில் 'டபிள்யூ ஆல்' என்ற ஆப்ஷனையும் சேர்த்துக் கொள்ளுங்கள். இஃப் கண்டிஷனில் இரண்டு ஈக்குவல் போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டால் எச்சரிக்கும். சம்பளம் வாங்காத வாத்தியார் அது!

3. 'இலவசம்' மூன்று வகை

முதல் வகை, எப்போதும் இலவசம்: ஜி.சி.சி., பைதான், 2005-ல் லினஸ் டார்வால்ட்ஸ் எழுதிய கிட்.

இரண்டாவது, ஆளைப் பொறுத்து இலவசம்: 2014-ல் வந்த விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி. மாணவருக்கும் தனி ஆளுக்கும் சரி. பெரிய கம்பெனிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு.

மூன்றாவது, படிக்கும் வரை இலவசம்: ஜெட்பிரெயின்ஸ் மாணவர் லைசென்ஸ். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதை வைத்துத் தொழில் செய்யக் கூடாது.

பழக்கத்தை முதல் வகையில் ஏற்படுத்திக் கொண்டால் கல்லூரி முடிந்த மறுநாளும் கருவி கையில் இருக்கும்.

4. 'கிராக்' காப்பி வேண்டாம்

"பென்டிரைவ் கொடு, ஏத்தித் தர்றேன்" என்பார்கள். கிராக்கை ஓடவிட முதலில் ஆன்டிவைரசை நிறுத்தச் சொல்வார்கள். வீட்டைத் திறந்து போட்டு சாவியையும் கொடுப்பது போலத்தான் அது. ப்ராஜெக்ட் முழுக்கப் போனால் யாரைக் கேட்பது? நேர்வழியிலேயே சும்மா கிடைக்கும்போது இந்த வேலை நமக்கு எதற்கு?

5. காசை எங்கே போடுவது?

எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். லேப்டாப் என்பது அப்பாவுக்குப் பல மாதக் கூலி. என்னைப் போன்றவர்கள் சாஃப்ட்வேருக்கு ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். இருக்கிற காசுக்குப் பழைய மெஷினில் மெமரியைக் கூட்டி, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. மாட்டினாலே வித்தியாசம் தெரியும். 4 ஜி.பி. மெஷினில் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ திணறும். அதில் லினக்ஸ் போட்டு ஜீனி போன்ற சிறிய எடிட்டர் வைத்துக் கொள்ளலாம். கம்ப்யூட்டரே இல்லையா? ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் போட்டு, அதற்குள் கிளாங் கம்பைலரை இறக்கினால் சி புரோகிராம் ஓடும். எழுத்து சிறியதுதான், ஆனால் பஸ்ஸில் வரும்போதே பழகலாம்.

ஆகவே நண்பர்களே, வேலைக்கு எது தேவை, மெஷின் எதைத் தாங்கும், லைசென்ஸ் என்ன சொல்கிறது என்ற மூன்று கேள்விகளையும் இந்த வரிசையில் கேளுங்கள். விலை கடைசியில் தானாக அடங்கிவிடும். "கருவி இல்லை, அதனால் கற்கவில்லை" என்று நம் தலைமுறை சொல்ல வேண்டியதில்லை. இன்றிரவே ஜி.சி.சி.யை நிறுவி, அந்த 200 பெருக்கல் 200-ஐ ஓட்டிப் பாருங்கள்!