பேட்டரி ஸ்கூட்டர்: கொட்டேஷனை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

பேட்டரி ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்ட கையோடு மாதத் தவணையைப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். தமிழ்நாடு அரசு இந்த வண்டிக்குத் தருகிற பெரிய சலுகை நம் கைக்குக் காசாக வருவதில்லை. கொட்டேஷன் தாளில் ‘சாலை வரி’க்கு எதிரே ஒரு பூஜ்யமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பூஜ்யத்தின் பலன் வேறு பெயரில் கரைந்துபோகாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

முதலில் வண்டி எந்த வகை என்று பாருங்கள். மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் என்றால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அதற்குப் பதிவு வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். ஆனால் கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது. புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., நம் ஓரகடத்தில் இருக்கும் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை நிறுவனம் அந்த மாடலுக்குத் தந்த சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். “ஒரு ஒயரைக் கழற்றிவிட்டா நாப்பத்தஞ்சுல போகும் சார்” என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள். வேகம் கூட்டிய அந்த வண்டி, சட்டத்தின் கண்ணில் பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனம். அதைப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கொடுத்து, யார் மேலாவது மோதிவிட்டால் இழப்பீடு நம் தலையில்தான் விழும்.

தினமும் வேலைக்குப் போய்வர வேகமான வண்டிதான் தேவை. அது பதிவுக்கு உரியது. அடுத்து கணக்கு. தமிழ்நாட்டில் புதிய பெட்ரோல் இருசக்கர வாகனத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை 10 சதவீதம், அதற்கு மேல் போனால் 12 சதவீதம் ஆயுள் வரி என்று 2023-இல் உயர்த்தினார்கள். 1,20,000 ரூபாய் வண்டிக்கு 14,400 ரூபாய். பேட்டரி வண்டிக்கு இது முழுவதும் விலக்கு. 2020 நவம்பரில் வந்த அரசாணை 2022 இறுதி வரை விலக்குக் கொடுத்தது. 2023-இன் மின்வாகனக் கொள்கை அதை 2025 இறுதிவரை கொண்டுபோனது. இந்தச் சலுகை எப்போதும் கெடுவோடுதான் வரும். வரி கணக்காவது பதிவின்போது. ஆகவே முன்பணம் கட்டிய தேதியை நம்பாதீர்கள். பதிவாகும் நாளில் எந்த ஆணை நடப்பில் இருக்கிறது என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே கேளுங்கள். கெடு நெருங்கும் மாதத்தில் வாங்கினால், அதற்குள் பதிவு முடித்துத் தருவதாக ஷோரூமிடம் எழுதி வாங்குங்கள்.

இப்போது கொட்டேஷன். ஒரே தொகையாக எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஷோரூம் விலைக்குள் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் மட்டுமே இருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் கிடையாது. 2021 ஆகஸ்ட் 2 அன்று வந்த மத்திய அறிவிக்கை அதை நீக்கிவிட்டது. என் தங்கைக்கு வண்டி எடுத்தபோது ‘ஆர்.டி.ஓ. செலவு’ என்று மொத்தமாக ஒரு தொகை போட்டிருந்தார்கள். பிரித்து எழுதித் தாருங்கள் என்று கேட்டோம். மறுநாள் வந்த தாளில் அது பாதியாகியிருந்தது. ‘ஹேண்ட்லிங்’, ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்று இருப்பவையும் அரசுக்குப் போகிற பணம் அல்ல; எதற்காக என்று தயங்காமல் கேளுங்கள்.

காப்பீட்டில் மூன்றாம் நபர் பாகம் புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கு எடுத்தாக வேண்டும். மின்வண்டிக்கு அதில் 15 சதவீதம் தள்ளுபடி 2022 முதல் உண்டு.

பணம் கட்டும் முன் வீட்டு மின்கட்டண அட்டையை எடுத்துப் பாருங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூன்று யூனிட் பேட்டரியை முழுக்க ஏற்ற, விரயத்தோடு சேர்த்து ஏறக்குறைய மூன்றரை யூனிட் ஆகும். சாலையில் அது 90 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 30 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 70 யூனிட். ஏற்கெனவே 450 யூனிட் ஓடுகிற வீடென்றால் 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் கூடுதல் 20 யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப் படிகளுக்கும் கட்டண விகிதம் மாறும். அப்படியும் பெட்ரோல் செலவுக்கு இது பக்கத்தில் வராது. என்றாலும் தெரிந்து வாங்குவது நல்லது.

சார்ஜருக்கு மின்பணியாளரை வைத்துத் தனி ஒயர் இழுத்து, 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் போட்டு, எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி இரவு முழுக்க விடவே கூடாது. வாசல் கதவை ஒட்டியும் சார்ஜ் போட வேண்டாம். தீப்பிடித்தால் வீட்டிலிருப்பவர்கள் வெளியே வர வழி இருக்காது.

டெலிவரி நாளில் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் நம்பர் இருக்கும். வாடகை வண்டியென்றால் எழுத்து மஞ்சள். ஆர்.சி.யை வாங்கிக்கொண்டு வண்டி அருகிலேயே நின்று சேஸிஸ் எண், மோட்டார் எண், எரிபொருள் வகை மூன்றையும் ஒப்பிடுங்கள். பேட்டரியின் எண் வாரன்டி அட்டையில் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஓர் எழுத்து பிசகியிருந்தாலும் திருத்தி வாங்கிய பிறகே சாவியை எடுங்கள்.