கலைக்கல்வியும் உத்தியோகமும்

சென்ற ஆண்டு உயர்தர வகுப்புக்கு மாணவரைச் சேர்க்குங் காலத்தில் தந்தையார் ஒருவர் நம்மிடம் வந்தார். மகன் தமிழில் வல்லவன், கணிதத்திலும் குறைந்தவனல்லன். “கலைப்பிரிவு படிச்சு என்ன உத்தியோகம் எடுக்கிறது, மாஸ்டர்?” என்பது அவர் வினா. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று சொல்லி வந்த நாட்டில் இவ்வினாவைப் பழித்தல் முறையன்று. தமிழாசிரியராகிய நாம் அன்று தக்க விடை கூறமாட்டாது நின்றோம்.

சிறுப்பிட்டியிலே 1832ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களைப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவராகவே மாணாக்கர் அறிவர். அவர் சீவனம் எவ்வாறு நடந்தது என்று வினவுவார் இலர். வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றபின் கோப்பாயில் ஆசிரியராயினார். சென்னை சென்று ‘தினவர்த்தமானி’ப் பத்திரிகையை நடத்தினார், அங்கே மாநிலக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். 1857இற் சென்னைச் சர்வகலாசாலை நடத்திய முதற் பீ. ஏ. பரீட்சையிலே தேறியோர் இருவர். ஒருவர் இவர், மற்றவர் கறொல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவரே. பின்னர் அரசாங்க வரவு செலவுக் கணக்குச் சாலையில் உத்தியோகம் பார்த்தார். 1871இற் சட்டப் பரீட்சையிற் சித்தியெய்திக் கும்பகோணத்தில் வழக்கறிஞராயினார். ஈற்றிற் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாயினார்.

இத்தனை தொழிலுக்கும் செமினரி அவரைத் தனித்தனியே பயிற்றவில்லை. 1823இல் தொடங்கிய அக்கழகத்திலே தமிழும் ஆங்கிலமும் சமஸ்கிருதமும் பயின்ற அதே மாணாக்கன் கணிதமும் வானசாஸ்திரமும் தருக்கமும் பயின்றான். இலக்கியத்துக்கு ஒரு வாயில், எண்ணுக்கு மற்றொரு வாயில் என அங்கே பிரித்தாரில்லை. சிதைந்த ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கித் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் அவர் அச்சேற்றினார். பாடங்களை ஒப்பிட்டுப் பிழை காணுங் கண்ணும் கணக்கேட்டில் வழு காணுங் கண்ணும் ஒன்றே என்பது நம் எண்ணம். சாட்சியங்களை நிறுத்துத் தீர்ப்புரைப்பதும் அதற்கு அயலானதன்று.

இங்கே ஒரு புதுமை. அமெரிக்க மிஷன் சங்கத்தார் 1855இலே செமினரியை மூடினர். ஆங்கிலங் கற்ற மாணாக்கர் சமயத்தொண்டை விட்டு அரசாங்க உத்தியோகத்தை நாடினர் என்பது அதற்குக் காட்டிய காரணங்களுள் ஒன்று. கலைக்கல்வி உத்தியோகந் தராது என்று இன்று வருந்துகின்றோம். அன்றோ, மிகத் தந்தது என்று குறைகூறினர்!

எனினும் அந்தத் தந்தையாரின் அச்சம் வீணன்று. 2017ஆம் ஆண்டில் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணக் கச்சேரி முன்றலிலே நாட்கணக்காகக் குந்தியிருந்ததை நாம் கண்டோம். அவருட் கலைப்பட்டதாரிகளும் பலர். அரசு நியமனமே கதி எனக் காத்திருத்தல் ஒரு காரணம். பதினாறு வயதிலே பிள்ளையை ஒரு பிரிவுக்குள் அடைத்து மற்றையவற்றுக்குக் கதவடைத்தல் இன்னொன்று. மூன்றாவதை ஒளியாமற் கூறுவோம்: அது நமது கற்பித்தல். நாம் குறிப்புச் சொல்வோம், மாணாக்கர் எழுதுவர், பரீட்சையில் அதனையே திருப்பித் தருவர். நம்மிடம் திறமைச் சித்தி பெற்ற ஒருவர் காரியாலயமொன்றில் இலிகிதராய்ச் சேர்ந்தபின் நம்மைக் காண வந்தார். “மூண்டு பக்க முறைப்பாட்டை அரைப் பக்கத்தில சுருக்கித் தரச் சொன்னவை, சேர். எனக்குச் செய்யத் தெரியேல்லை” என்றார். அவருக்குப் பத்துப்பாட்டின் பெயர்கள் இன்னும் மனப்பாடம். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

அதன்பின் வாரமொரு நாள் பாடநூலை மூடிவைக்கின்றோம். பழைய காணி உறுதியொன்றையோ பத்திரிகைச் செய்தியையோ கொடுத்துச் சுருக்கியெழுதச் சொல்கின்றோம். எழுதியதை எதிர்த்து ஒருவனும் காத்து ஒருவனும் வாதிட வேண்டும். சோம்பலுள்ளோர் இந்நாளை விரும்புவதில்லை. உரையாசிரியரின் தடைவிடைகளை அதன்பின் கற்பித்தல் எளிதாகின்றது.

அடுத்த வாரம் தந்தையார் மறுபடியும் வந்தார். தமிழோடு புவியியலும் ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ என்ற பாடமும் எடுக்கலாம். படம் வாசிக்கவும் நியாயம் பிரித்தறியவும் பழகுவான் என்றோம். வேலை நிச்சயம் என்று நாம் வாக்களிக்கவில்லை. அவர் நெடுநேரம் மகன் முகத்தைப் பார்த்திருந்தார்.

“சரி மாஸ்டர், அவன்ர விருப்பம். ஆனால் இங்கிலிசையும் கைவிடாமல் படிக்கச் சொல்லுங்கோ.”

அதில் நமக்கு மறுப்பில்லை என்றோம்.