ஆம்ப்ளிபையரை மாற்றுமுன்: லம்பா லைன் பட்டறைத் தம்பிக்கு



உன் கடிதம் கிடைத்தது. அந்தமானின் லம்பா லைனில், விமான நிலையத்துக்குச் சமீபமாக, கார் ஆடியோ வேலைக்கென்று நீ தனியே பட்டறை வைத்திருக்கும் செய்தி எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தந்தது. ஆனால் கடிதத்தின் பிற்பகுதியில், ஒரு டூரிஸ்ட் வண்டியில் சத்தத்தைக் கூட்டினால் பாட்டு நின்று நின்று வருகிறதென்றும், ஆம்ப்ளிபையரை ஒருமுறை மாற்றியும் கோளாறு தீரவில்லையென்றும், சென்னை ஜி.பி. ரோட்டிலிருந்து இன்னொன்றைக் கப்பலில் வரவழைக்க உத்தேசித்திருப்பதாகவும் நீ எழுதியிருப்பதைப் படித்தபின், பதிலை ஒத்திப்போட மனம் வரவில்லை. தயவுசெய்து வரவழைக்காதே.

மின்னழுத்தம் தாழ்ந்தாலும், உஷ்ணம் மீறினாலும், ஸ்பீக்கர் கம்பி பாடியில் உரசி ஷார்ட் ஆனாலும், உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் கருகுமுன் தானே ஓய்ந்துவிடும்படியாகத்தான் ஆம்ப்ளிபையரை அமைத்திருக்கிறார்கள். அப்படி ஓய்ந்ததைக் காட்டும் புரொடெக்ட் விளக்கு எரிவதைக் கண்டவுடன் அந்தப் பெட்டியைக் கழற்றி வேறு பெட்டி வைத்தால், அதை நிறுத்திய காரணம் வண்டியிலேயே தங்கிவிடுகிறது. புதிய பெட்டியும் தன் கடமையைச் செய்து நிற்கிறது. உன் வாடிக்கையாளருக்கு நேர்ந்தது இதுவேயென்று நினைக்கிறேன்.

வண்டி வந்ததும் ஸ்குரூ டிரைவரை எடுக்காமல், ஓட்டுகிறவரை உட்காரவைத்து நிதானமாக விசாரி. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் கான்வாய்க்காகக் காத்திருக்கையில், எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்கும்போது நிற்கிறதென்று அவர் சொன்னால் பேட்டரியையும், டிரங்க் ரோட்டின் பள்ளங்களில் குலுங்கும்போது மட்டும் நிற்கிறதென்றால் தளர்ந்த இணைப்பையும் ரிமோட் கம்பியையும், நெடுநேரம் நன்றாகப் பாடி நின்றுவிட்டு ஆறியபின் திரும்ப வருகிறதென்றால் உஷ்ணத்தையும், பாஸ் அடி விழும்போதெல்லாம் நிற்கிறதென்றால் மின்சாரம் வரும் பாதையையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். அவர் வாய்ச்சொல்லிலேயே பாதி பரீட்சை முடிந்துவிடும். ஆனால் கேட்பதற்குப் பொறுமை வேண்டும்.

நீ சொல்லும் லட்சணத்தைப் பார்த்தால், எனக்கு அந்தப் பாதையில் மின்சாரம் பாடி வழியாகத் திரும்பும் எர்த்தின் மேல்தான் சந்தேகம். எர்த்தை ஓம் மீட்டரால் பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2 ஓம் அளவுக்குக் காட்டக்கூடிய சாதாரண மீட்டரில் 0.05 ஓம் தடை எப்படித் தெரியும்? ஆனால் பாஸ் அடியில் 40 ஆம்பியர் இழுக்கும் பெட்டிக்கு அந்த 0.05 ஓம் தடையே 2 வோல்ட்டைத் தின்றுவிடும். எஞ்சின் ஓடாத வண்டியில் நல்ல பேட்டரி தரும் 12.6 வோல்ட்டிலிருந்து அந்த 2 போய், பாரத்தில் பேட்டரி சற்று இறங்குவதும், நீளக் கம்பியில் இழப்பதும் சேர்ந்து, மின்னழுத்தம் 10 வோல்ட்டை நெருங்கும்போது பல ஆம்ப்ளிபையர்கள் நின்றுவிடுகின்றன. நின்ற கணத்தில் மின்னோட்டம் இல்லை. மின்னோட்டம் இல்லாதபோது இழப்பும் இல்லை. ஆகவே அழுத்தம் பழைய நிலைக்கு ஏறிப் பாட்டு திரும்ப வருகிறது. மௌனமாக நிற்கும் வண்டியில் நீ எத்தனை தடவை அளந்தாலும் எல்லாம் சரியாகவே தெரிவதற்கு இதுதான் காரணம். மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் வருவதே வோல்ட் இழப்பு என்னும் இந்தக் கணக்கு, ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் நூலாக வெளியிட்ட விதிதான். அவருடைய நாட்டிலேயே ஆரம்பத்தில் அதை மதித்தவர்கள் சிலரே. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் அளித்தது.

ஆகையால் பாட்டு உரக்கப் பாடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, நீளமான ஒரு சோதனைக் கம்பியின் உதவியால் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும், மற்றொன்றை ஆம்ப்ளிபையரின் எர்த் டெர்மினலிலும் பிடித்து, பாஸ் மிகுந்த பாட்டைப் போடு. 0.1, 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த்தைக் குறை சொல்லாதே. அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு கைக்கு அகப்பட்டுவிட்டது. இதே அளவையைப் பிளஸ் பக்கத்திலும், ப்யூஸ் ஹோல்டரையும் சேர்த்துச் செய்ய மறக்காதே.

எர்த் போல்ட்டைக் கழற்றியதும் லக்கின் அடியைக் கவனி. பெயின்டின் மேலேயே முறுக்கியிருப்பார்கள். அல்லது வட்டமாகத் துரு பூத்திருக்கும். கம்பியின் உறையை ஓர் அங்குலம் சீவிப் பார்த்தால், சிவப்பாக இருக்கவேண்டிய செம்பில் பச்சைக் களிம்பு ஏறி, இழைகள் விரலில் பொடிப்பொடியாக உதிரும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற, மே மாதத்தில் தொடங்கி இரண்டு பருவக்காற்றுகளும் நனைக்கிற, கடலின் உப்புக் காற்று எந்நேரமும் வீசுகிற இந்தத் தீவில், உள்நாட்டு ஊர்களில் பல வருஷம் தாங்கும் இணைப்பு சீக்கிரமே கெட்டுவிடுகிறது. மலிவென்று விற்கும் செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியை இங்கே உபயோகிக்கவே கூடாதென்பது என் திடமான அபிப்பிராயம். அதே பருமனுள்ள செம்புக் கம்பியைவிட அதற்குத் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. உப்பு ஈரம் பட்டால் விரைவில் அரித்தும் போகும்.

களிம்பு ஏறிய பகுதியை வெட்டியெறிந்து, உப்புத்தாளால் பாடியை வெறும் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, புதிய லக்கை அழுத்திப் பொருத்தி, போல்ட்டை இறுக்கியபின் மேலே கிரீஸோ பெயின்டோ பூசிக் காற்றுப் படாமல் மூடிவிடு. சீட் பெல்ட் போல்ட்டை எர்த்துக்காகத் தொடாதே. அது உயிரைக் காக்கும் இடம். புதிதாகத் துளை போடுமுன் அடியில் பெட்ரோல் டேங்க் இருக்கிறதா என்று குனிந்து பார்.

எர்த் சுத்தமாக இருந்தும் நின்றால், ஸ்பீக்கர் கம்பிகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய். அப்போதும் புரொடெக்ட் விளக்கு அணையாவிட்டால் பெட்டியின் உள்ளேதான் கோளாறு. அணைந்தால், ஒவ்வொன்றாக மாட்டிக் குற்றவாளியைக் கண்டுபிடி. இரண்டு 4 ஓம் சப் ஊபர்களைப் பக்க இணைப்பில் கட்டினால் 2 ஓம் ஆகிவிடும். பிரிட்ஜ் செய்த ஆம்ப்ளிபையர்களில் பல 4 ஓமுக்குக் கீழே தாங்குவதில்லை. சீட்டுக்கடியில் கம்பளத்தைப் போர்த்திப் பெட்டியை வைத்திருந்தால் உஷ்ணத்துக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கூலி விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். புதிய பெட்டி விற்றால் கிடைக்கும் லாபம் எர்த்தைச் சுத்தம் செய்வதில் கிடைக்காதென்று நீ தயங்கலாம். கோளாறைக் கண்டுபிடித்த வேலைக்குத் தனியாக, நியாயமான ஒரு தொகையை முன்கூட்டியே சொல்லி, கூசாமல் கேட்டு வாங்கிக்கொள். வெட்டியெடுத்த களிம்புக் கம்பியை வண்டிக்காரர் கையில் கொடு. மீட்டரில் முன்பு காட்டிய எண்ணையும் பின்பு காட்டும் எண்ணையும் அவரே பார்க்கட்டும்.

நாளைக் காலையில் அந்த வண்டியை வரச்சொல்லி, பாட்டை உரக்கப் போட்டு எர்த்தை அளந்து, வந்த வோல்ட் எவ்வளவு என்று எனக்கு உடனே எழுது. அதுவரை சென்னைக்குப் பணம் அனுப்பாதே.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும்
பழைய எலக்ட்ரீஷியன்