பெயிண்ட் பேந்த விமானம்: மாடல் செய்பவர்களுக்குச் சில குறிப்புகள்

அரக்கோணத்து ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளம் எங்கள் ஊரான கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வானத்தில் உறுமல் கேட்டதும் மொட்டைமாடிக்கு ஓடுகிற பிள்ளை தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். அதில் சில பேர் பிளாஸ்டிக் கிட் வாங்கி, ஒட்டி, பெயிண்ட் அடித்து ஷோகேஸிலும் வைப்பார்கள். வைத்த பிறகுதான் மனக்குறை தொடங்கும்: எல்லாம் சரியாக வந்திருக்கிறது, ஆனாலும் பொம்மையாகத்தான் தெரிகிறது! உண்மையில் பறந்த விமானத்தில் பெயிண்ட் அங்கங்கே பேந்து, அடியிலிருக்கும் அலுமினியம் எட்டிப்பார்க்கும். அதைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவர விலை உயர்ந்த சாமான் எதுவும் வேண்டாம். பாதி சமையலறையில் இருக்கிறது, மீதி ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும்.

1. பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன், நீங்கள் செய்யும் விமானத்தின் தோல் எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். 1944 இம்பால் போரில் அர்ஜன் சிங் தலைமையில் நம் விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன் ஓட்டிய ஹரிகேனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்பாதி உலோகத் தகடு. விமானி உட்காரும் இடத்துக்குப் பின்னால் உடம்பு முழுக்க லினன் துணி போர்த்தியது. துணியில் எப்படி வெள்ளி மினுங்கும்? மாஸ்கிட்டோ விமானம் ஒட்டுப்பலகை, அதிலும் மினுங்காது. மிக்-21 முழுக்க உலோகம்தான், ஆனால் மூக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் கூம்பு உலோகம் இல்லை. உள்ளே ரேடார் இருப்பதால் அலை புகும் பொருளில் செய்திருப்பார்கள். செங்குத்து வாலின் நுனியும் அப்படியே. அந்த இடங்களில் சில்வர் வைத்தால், விவரம் தெரிந்தவர் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்.

2. அலுமினியம் துருப்பிடிக்காது. சென்னை–திருப்பதி சாலையில் போகிற லாரியையும், திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர் டிரெய்லரையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பெயிண்ட் பேந்தால் பழுப்புத் துரு என்றுதான் தோன்றும். அதெல்லாம் இரும்பு. விமான இறக்கையில் பழுப்பு வைக்கவே கூடாது. இன்ஜின் புகைக்குழாயில் வைக்கலாம், அங்கே எஃகு சூடேறி நிறம் மாறும்.

3. கணக்குப் போடுங்கள். 1:72 அளவு மாடலில் ஒரு மில்லிமீட்டர் என்பது உண்மை விமானத்தில் 7.2 சென்டிமீட்டர், அதாவது உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் குறைவு. பிரஷ் நுனியால் சும்மா வைக்கிற புள்ளியே ஒரு மில்லிமீட்டர் வரும். அப்படி ஐம்பது புள்ளி வைத்தால் ஐம்பது இடத்தில் உள்ளங்கை உள்ளங்கையாகப் பெயிண்ட் போன விமானம் என்று அர்த்தம். அதைப் பறக்க விட்டிருக்க மாட்டார்கள். ஒரு ஸ்குரூவைச் சுற்றி நகக்கண் அளவு பேந்திருப்பதைக் காட்ட மாடலில் 0.1 மில்லிமீட்டர் போதும். கையால் அத்தனை சிறிதாக வைக்க வராது. அதனால்தான் கீழே சொல்லும் ஸ்பாஞ்ச், உப்பு, ஹேர் ஸ்ப்ரே எல்லாம். 1:48 மாடலில் கை கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்.

4. பேந்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். வாசற்படியில் கால் படுகிற இடத்தில்தான் பெயிண்ட் தேய்கிறது, ஓரத்தில் அப்படியே இருக்கிறது. விமானத்திலும் கணக்கு அதேதான். மெக்கானிக்கும் விமானியும் ஏறி மிதிக்கும், உடம்போடு சேரும் இறக்கை அடி, தினம் கழற்றி மாட்டும் இன்ஜின் மூடிகள், அவற்றின் ஸ்குரூக்கள், பெட்ரோல் ஊற்றும் மூடியைச் சுற்றிய வட்டம், குண்டு நிரப்பும் கதவுகள், காற்றும் மழையும் தூசியும் அறைகிற முன்விளிம்புகள் ஆகியவைதான் பேரும். ஸ்பிட்ஃபயரில் விமானி ஏறும் சின்னக் கதவு இடப்பக்கம் இருப்பதால் இடது இறக்கை அடி வலதைவிட அதிகம் தேய்ந்திருக்கும். மண் ஓடுபாதையில் இயங்கியதென்றால் விசிறி வாரியடித்த கல்லும் மணலும் இறக்கையின் அடிப்பக்கத்திலும் வால் முன்விளிம்பிலும் கொத்தியிருக்கும். விசிறி இலைகளின் நுனியும் தேயும். கைபடாத உயரத்தில், வாலின் நடுவில் பெரிதாக ஒன்று பேந்திருந்தால் ‘எப்படிப் பேந்தது?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் வைக்காதீர்கள்.

5. முதல் முயற்சிக்கு எதை எடுப்பது? என் சிபாரிசு 1971 போர்க்கால மிக்-21. அதற்குக் காரணம் உண்டு. 1963இல் நம் விமானப்படைக்கு வந்து 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற இந்த விமானம், தொடக்கத்தில் பெயிண்ட் இல்லாமல் பளபளவென்று வெறும் உலோகமாகத்தான் பறந்தது. 1971இல் போர் நெருங்கியதும், மேலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது என்று பலவற்றுக்கு அந்தந்தத் தளத்திலேயே அவசர அவசரமாகப் பச்சையும் பழுப்பும் அடித்தார்கள். ஸ்குவாட்ரனுக்கு ஸ்குவாட்ரன் கோலம் வேறு. சில விமானங்களில் பட்டை பட்டையாக, பிரஷ் ஓடிய தடம்கூடத் தெரியும். தொழிற்சாலையில் முறையாக பிரைமர் ஏற்றி அடித்ததற்கும், வெறும் உலோகத்தின்மேல் அவசரத்தில் அடித்ததற்கும் ஆயுசில் நிறைய வித்தியாசம். டிசம்பர் 14 அன்று டாக்காவில் ஆளுநர் மாளிகையைத் தாக்கிய மிக்-21களின் காலத்து விமானம் இது. இதில் அடியில் சில்வர், மேலே பச்சை என்று இரண்டே அடுக்குதான். பெயிண்ட் கொஞ்சம் ஏற்ற இறக்கமாக அமைந்தாலும் நிஜத்தோடு ஒத்துப்போகும். 1:72இல் இறக்கை முனைக்கு முனை பத்து சென்டிமீட்டர்தான், காயவிடும் நேரம் போக ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அடங்கிவிடும்.

6. அடி அடுக்கு சில்வர். வாசல் கேட்டுக்கு அடிக்கும் அலுமினியம் பெயிண்டை அப்படியே அடித்தால் துகள் பெரிதாகத் தெரியும். ஹாபி கடைகளில் கிடைக்கும் நுண்துகள் சில்வரை வாங்கி, அதில் ஒரு சொட்டுச் சாம்பல் நிறம் கலந்து மங்க வையுங்கள். பளீரென்ற சில்வர் நகைப்பெட்டிக்குத்தான் லாயக்கு. இந்த அடுக்கு எனாமலாகவோ லாக்கராகவோ இருக்கட்டும். மேல் நிறம் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்காக இருக்கட்டும். இந்த வரிசையை மாற்றினால் மேலே சுரண்டும்போது அடியும் சேர்ந்து வந்துவிடும். எனாமல் என்றால் குறைந்தது ஒரு முழு நாள் காயவிடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு நாள்.

7. ஸ்பாஞ்ச் முறை, முதல் தடவை செய்பவர்களுக்கு. டி.வி., மிக்ஸி பெட்டிக்குள் வரும் சாம்பல் ஃபோமில் ஒரு துண்டைக் கையால் பிய்த்து எடுங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் விளிம்பு நேராகி, வைக்கிற தடமும் நேராகிவிடும். சில்வரில் தொட்டு, பழைய செய்தித்தாளில் ஒற்றி ஒற்றிக் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்ற நிலைக்குக் கொண்டுவந்து, பிறகு முன்விளிம்பில் மெல்ல ஒற்றுங்கள். இங்கே வெறும் உலோகத்தின்மேல் பெயிண்டை அடித்துப் பேர்ப்பதில்லை, பேந்ததுபோலப் புள்ளியை மேலே வைக்கிறோம். பிரைமர் அடித்த விமானமென்றால் முதலில் பிரைமர் நிறத்தில் ஒற்றி, அதற்குள்ளே இன்னும் சிறியதாகச் சில்வர் வையுங்கள். அமெரிக்க விமானங்களில் மஞ்சளும் பச்சையும் கலந்த ஜிங்க் குரோமேட் நிறம் பொருந்தும். இந்த இரட்டைப் புள்ளி ஆழத்தைக் காட்டும்.

8. ஹேர் ஸ்ப்ரே முறைதான் அசல். இதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் இதற்குத் துணைதான். காய்ந்த சில்வரின்மேல் ஹேர் ஸ்ப்ரேயை ஓரடி தூரத்தில் வைத்து மெல்லிசாக இரண்டு தடவை அடியுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தி அடித்தால் குளம் கட்டும். கால் மணி நேரம் போகட்டும். அதன்மேல் அக்ரிலிக் பச்சையை மெல்லிசாக அடியுங்கள். கெட்டியாக அடித்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. பெயிண்ட் தொடுவதற்குக் காய்ந்ததும், ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடுங்கள். மறுநாள் என்று தள்ளிப்போட்டால் பெயிண்ட் இறுகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரை பிரஷ்ஷால் தடவி அரை நிமிடம் பொறுத்திருந்து, பழைய பல்துலக்கி அல்லது முடி குட்டையாக்கிய பிரஷ்ஷால் லேசாகத் தேயுங்கள். அடியில் ஹேர் ஸ்ப்ரே கரைந்து, மேலே பச்சை சில்லுச் சில்லாகக் கிளம்பும். ஸ்குரூ ஓரங்களுக்குப் பல்குச்சி. ஒரு பக்கம் கொஞ்சம் செய்ததும் டிஷ்யூ தாளால் ஒற்றி, தள்ளி வைத்துப் பாருங்கள். ஈரத்தில் பேந்தது குறைவாகத் தெரியும், காய்ந்ததும் அதிகமாகத் தெரியும். இது தெரியாமல் தேய்த்துக்கொண்டே போனால் பாதி விமானம் சில்வராகிவிடும்.

9. உப்பு முறை, பெரிதாகச் செதில் செதிலாக உரிந்த விமானத்துக்கு. பாக்கெட் தூள் உப்பின் பொடி எல்லாம் ஒரே அளவாக இருப்பதால் தடமும் ஒரே மாதிரி இருக்கும். கல் உப்பைத் துணியில் வைத்து லேசாக நசுக்கினால் பெரிதும் சிறிதுமாகக் கிடைக்கும். சில்வர் மேல் தண்ணீர் தடவி, வேண்டிய இடத்தில் தூவி, பல்குச்சியால் நகர்த்திக் காயவிடுங்கள். பிறகு பெயிண்டைத் தெளித்துத்தான் அடிக்க வேண்டும். பிரஷ் பட்டால் உப்பு நகர்ந்துவிடும். காய்ந்ததும் விரலால் உப்பைத் தேய்த்து எடுத்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். மிச்ச உப்பு வார்னிஷுக்கு அடியில் தங்கினால் ஐப்பசி மழையில் ஈரம் இழுத்து வெள்ளைப் பூசணம்போலப் பூக்கும்.

10. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் கி-61 விமானங்கள் பாளம் பாளமாக உரிந்து நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பிரைமர் போடாமல் வெறும் அலுமினியத்தின்மேல் அடித்ததன் விளைவு அது. அந்த உரிசல் வேண்டுமென்றால் நாமும் அதையே செய்யலாம்: மேல் நிறம் நன்றாக இறுகுவதற்கு முன் செலோ டேப்பைப் புறங்கையில் இரண்டு தடவை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொண்டு, மாடலில் ஒட்டிச் சட்டென்று இழுக்க வேண்டும். எவ்வளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. உடைந்த கிட்டின் இறக்கையில் சோதித்துப் பாருங்கள்.

11. வெளிநாட்டில் பேந்த தோற்றத்துக்குக் கடுகு விழுதைப் புள்ளி புள்ளியாக வைத்து, மேலே பெயிண்ட் அடித்து, பிறகு கழுவிவிடுகிறார்கள். நம் வீட்டுப் பற்பசையே போதும்.

12. சில்வர் கலர் பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டால் ஸ்குரூ, மூடி ஓரம், ஏணி சாத்தும் இடம் எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் முடிக்கலாம். பளபளப்பான பெயிண்டில் பென்சில் வழுக்கும். மேட் பரப்பு வேண்டும்.

13. எல்லா விமானமும் பேராது. 1992 மார்ச் 11 அன்று தொடங்கிய ராஜாளி தளத்திலிருந்து 2017 மார்ச் 29 வரை பறந்த டியூ-142 கடற்படை விமானத்தைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் உண்டு. 1:144இலேயே இறக்கை 35 சென்டிமீட்டர் வரும், ஷோகேஸை அளந்துவிட்டு வாங்குங்கள். கடற்படை விமானத்தை உப்புக்காற்று அரித்துவிடும் என்பதால் கழுவுவதும் பெயிண்டைச் சரிபார்ப்பதும் ஓயாத வேலை. அதற்குப் பின் வந்த பி-8ஐ விமானத்தின் நவீனப் பெயிண்டோ லேசில் பேராது. இவற்றில் சில்வர் புள்ளிகளைவிட, அதே நிறத்தில் கொஞ்சம் புதுசாக, சின்னச் சின்னச் சதுரமாக ஒட்டுப்பெயிண்ட் அடித்ததுபோலக் காட்டுவதும், இன்ஜினுக்குப் பின்னால் புகைக்கறை இழுப்பதும் பொருத்தம்.

14. மாடலுக்கு மாடலைப் பார்த்துச் செய்யாதீர்கள், நிஜ விமானத்தின் பழைய படத்தைப் பார்த்துச் செய்யுங்கள். அதுவும் பறந்த காலத்துப் படம். விசாகப்பட்டினம் கடற்கரை அருங்காட்சியகத்து டியூ-142, டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்து விமானங்கள், ஊர் ஊராகப் பீடத்தில் ஏற்றிவைத்த விமானங்கள் எல்லாம் பெரும்பாலும் காட்சிக்காகத் திரும்பப் பெயிண்ட் அடித்தவை. வெயிலில் நின்று வெளுத்தவையும் உண்டு. வடிவத்துக்கு அவற்றை நம்பலாம், பெயிண்டுக்கு நம்பக் கூடாது.

15. கடைசியில் மேட் வார்னிஷ் தெளித்து மூடுங்கள். சில்வர் கொஞ்சம் மங்கும், அது நல்லதுதான். அடைமழை நாளில் வார்னிஷ் அடித்தால் வெண்படலம் கட்டும். வெயில் வரும்வரை பொறுத்திருங்கள்.

16. ஹேர் ஸ்ப்ரே, தின்னர், எனாமல் மூன்றுமே சட்டென்று தீப்பிடிப்பவை. கேஸ் அடுப்பு, கொசுவர்த்தி, சாமி விளக்கு இருக்கும் அறையில் இவற்றைத் திறக்காதீர்கள். மொட்டைமாடியிலோ திண்ணையிலோ, முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு அடியுங்கள். பிள்ளைகள் செய்வதானால் பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும்.