ஆயிரம் மணி நேரமும் ஒரு தலைமுடியும்

"அக்கா, நீங்க ஆஸ்டியோபதி படிச்சீங்கல்ல, அது எத்தனை மாசக் கோர்ஸ்? வேலையை விடாமலே முடிச்சிரலாம்தானே?"

மாதம் ஒருமுறையாவது இப்படி ஓர் அழைப்பு வந்துவிடுகிறது. பேசுகிறவர் இங்கிலாந்தில் ஏதாவது ஒரு மருத்துவமனையில் பிசியோவாகவோ நர்ஸாகவோ இருக்கும் தம்பியோ தங்கையோதான். நானும் லண்டனில் பிசியோ வேலையில் இருந்துகொண்டே ஐந்து ஆண்டு படித்து முடித்தவள். அதனால் என்னைக் கேட்கிறார்கள். கேள்வியிலேயே மூன்று நான்கு தவறான நம்பிக்கைகள் ஒட்டிக்கொண்டிருப்பதால், பத்து நிமிடத் தொலைபேசிப் பேச்சில் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடிந்ததில்லை.

முதல் நம்பிக்கை "மாசம்" என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஏற்கெனவே பிசியோவோ நர்ஸிங்கோ படித்தவருக்கு நாலைந்து வார இறுதிகள் போதும் என்று நினைக்கிறார்கள். மூட்டு, தசை வலிகளுக்குக் கையால் சிகிச்சை செய்பவர்தான் ஆஸ்டியோபத். பிரிட்டனில் அந்தப் பெயருக்கு 1993-ஆம் ஆண்டின் சட்டம் காவல் நிற்கிறது. பொது ஆஸ்டியோபதி மன்றத்தின் பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவர் தன்னை ஆஸ்டியோபத் என்று சொல்லிக்கொள்வது இங்கே குற்றம். பதிவேட்டில் பெயர் ஏற வேண்டுமானால் மன்றம் ஏற்றுக்கொண்ட கல்லூரியில் முழுநேரமாக நான்கு ஆண்டு, பகுதிநேரமாக ஐந்து ஆண்டு படிப்பதுதான் வழக்கம். அதற்குள் நோயாளிகளை நேரில் பார்க்கும் மருத்துவமனைப் பயிற்சி மட்டும் குறைந்தது 1,000 மணி நேரம்.

இந்த ஆயிரத்தை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு ஏழு மணி நேரம் என்றால் 143 நாள். அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். வேலையில் சேரும்போது பொது விடுமுறை போக ஆண்டுக்கு 27 நாள் விடுப்பு. ஐந்து ஆண்டு விடுப்பையும் ஒரு நாள் விடாமல் சேர்த்தால்கூட 135 நாள்தான் வருகிறது. ஊருக்குப் போக வேண்டாம், பிள்ளைக்குக் காய்ச்சல் வரக் கூடாது, தங்கை கல்யாணத்துக்கும் போகக் கூடாது. அப்படி இருந்தாலும் எட்டு நாள் குறைகிறது. நான் சனிக்கிழமைகளையும், சம்பளம் குறைத்து வாங்கிக்கொண்ட ஓர் ஆண்டையும் சேர்த்துத்தான் அந்த எண்ணை எட்டினேன். பகுதிநேரம் என்றால் பாதிப் படிப்பு என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ஆண்டுதான் நினைவுக்கு வரும். படிப்பு முழுசுதான். அதைக் குறைந்த நாட்களுக்குள் திணிக்கிறோம், அல்லது அதிக ஆண்டுகளுக்கு இழுக்கிறோம், அவ்வளவுதான்.

முன்படிப்புக்குச் சலுகையே இல்லையா என்றால், உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட ஆஸ்டியோபதிப் பயிற்சி அளவுகோல் இரண்டு வழிகளைச் சொல்கிறது. மருத்துவப் பின்னணி இல்லாதவருக்கு 4,200 மணி நேரம். ஏற்கெனவே மருத்துவத் துறையில் பயின்றவருக்கு அவர் முன்பு படித்ததைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம், பகுதிநேரமாகவும் நடத்தலாம். ஆனால் இரண்டு வழியாக வந்தவருக்கும் கடைசியில் ஒரே அளவு திறமை இருக்க வேண்டும். அதே ஆவணம் இன்னொன்றையும் சொல்கிறது: கைத்திறனையும் உடல் பரிசோதனையையும் நேரில்தான் கற்பிக்க வேண்டும். முழுக்க ஆன்லைனில் பார்த்து ஆஸ்டியோபத் ஆகிவிடலாம் என்று விற்கப்படும் சான்றிதழ்களுக்கு இந்த ஒரு வரியே பதில்.

வார இறுதிப் பட்டறைகளை நான் பழிக்கவில்லை. பிசியோவாக இருப்பவர் அங்கே இரண்டு உத்திகளைக் கற்று வந்து பிசியோவாகவே பயன்படுத்தினால் நோயாளிக்கு நல்லது. பெயர்ப்பலகையை மாற்றாத வரை அதில் தவறில்லை.

அடுத்த நம்பிக்கையைத்தான் நானே சுமந்துகொண்டு போனேன். "உடற்கூறியல் எனக்குத் தெரியும், இனிமேல் டெக்னிக் மட்டும்தானே." முதல் மாதம் வகுப்பில் எங்களுக்குக் கொடுத்த வேலை, ஒரு தலைமுடியை மேசையில் வைத்து அதன்மேல் புத்தகத் தாளைப் போட்டு, கண்ணை மூடி விரலால் முடியைக் கண்டுபிடிப்பது. கண்டுபிடித்ததும் இன்னொரு தாள், அப்புறம் இன்னொன்று. ஆஸ்டியோபதி வகுப்புகளில் பழைய பயிற்சி இது. எட்டு வருடம் வார்டில் நோயாளிகளைத் தூக்கி நடக்கவைத்த எனக்கு மூன்றாவது தாளிலேயே முடி மறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் பேக்கரி வேலையை விட்டு வந்தவர். அவர் அனாயாசமாகத் தாள்களை அடுக்கிக்கொண்டே போனார். மாவு பிசைந்த கை. எலும்பின் பெயர்கள் எல்லாம் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஆனால் அந்த அறையில் தேவைப்பட்டது பெயர்கள் அல்ல. வார்டில் என் கை அழுத்தவும் தாங்கவும் பழகியிருந்ததே தவிர, காத்திருந்து கேட்பதற்குப் பழகவில்லை.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத இன்னொன்றும் உண்டு. அங்கே மாணவர்கள் ஒருவருக்கொருவர் பாடப்புத்தகம். முதுகைப் பார்த்துக் கற்க, வகுப்பில் உள்ளாடை அளவுக்கு உடை களைந்து நிற்க வேண்டும். சேலையிலும் சுடிதாரிலும் வளர்ந்த எனக்கு முதல் நாள் அழுகையே வந்தது. ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். முதுகு திறந்த மேலாடையோடு பெண்கள் குழுவில் இருக்க ஏற்பாடு செய்தார். கேட்டால் வழி கிடைக்கும், தயங்காமல் கேளுங்கள். ஆனால் அந்தச் சங்கடத்தால் எனக்கு ஒன்று புரிந்தது. அதுவரை எத்தனை நோயாளிகளிடம் திரையை இழுத்துவிட்டு "சட்டையைக் கழற்றுங்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லியிருப்பேன்! இப்போது ஏன் கழற்றச் சொல்கிறேன் என்பதை முதலில் சொல்கிறேன், வேண்டாம் என்றால் என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முன் அனுபவம் எங்கே கைகொடுக்கிறது தெரியுமா? யாரைத் தொடக் கூடாது என்று தெரிவதில். முதுகுவலியோடு வந்தவர் இரண்டு தொடைக்கும் நடுவே மரத்துப்போயிருக்கிறது, சிறுநீர் சரியாக வரவில்லை என்று சொன்னால், அது மேசையில் படுக்கவைக்க வேண்டிய வலி அல்ல. தண்டுவடத்தின் அடியிலுள்ள நரம்புக்கற்றை நசுங்கியிருக்கலாம், அன்றே அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். வார்டில் இருந்து வந்தவருக்கு இந்த எச்சரிக்கை மணி தானாக அடிக்கும். காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் வலியால் விழிப்பது, புற்றுநோய்க்கு முன்பு சிகிச்சை எடுத்தது, இவற்றையெல்லாம் கேட்க அவருக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

ஊரில் இருப்பவர்களின் நம்பிக்கை வேறு. "எலும்பு வைத்தியமா? நம்ம புத்தூர் கட்டு மாதிரியா?" என்று என் மாமா கேட்டார். பெயரில் கிரேக்க மொழியின் எலும்பு இருப்பது உண்மை. ஆனால் ஆஸ்டியோபத் முறிந்த எலும்பைக் கட்டுவதில்லை. மூட்டு, தசை, அவற்றின் அசைவு, அதனால் வரும் வலி, இவைதான் அன்றாட வேலை. "ஜவ்வு விலகிடுச்சு, தட்டி உள்ள வைங்க" என்று வருகிறவர்களிடமும் இதையே சொல்கிறேன். மூட்டைச் சட்டென்று திருப்பும்போது கேட்கும் சத்தம் விலகிய எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தமல்ல. நெட்டி முறிக்கும்போது விரலில் கேட்பதும் அதே சத்தம்தான். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்குழி உண்டாவதால் அது வருகிறது. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. படமாக ஓடவிட்டு அதைக் காட்டினார்கள். முடிவெட்டி முடித்ததும் சலூனில் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுக்கக் கொடுக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கழுத்தின் ரத்தக்குழாய்ச் சுவர் கிழிவது அரிது, ஆனால் கிழிந்தால் பக்கவாதம்வரை போகும். பிரான்சில், பயிற்சி பெற்ற ஆஸ்டியோபத்கூடக் கழுத்தைத் திருப்பிச் சிகிச்சை செய்ய, தடை ஏதும் இல்லை என்ற டாக்டரின் சான்று வேண்டும்.

"பேருக்குப் பின்னால டி.ஓ. போட்டுக்கலாமா அக்கா? அமெரிக்காவுல அது டாக்டராமே?" இந்தக் குழப்பத்துக்கு வரலாறு காரணம். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க வைத்தியர் 1864-இல் மூளைக்காய்ச்சலுக்குத் தன் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அன்றைய மருந்துகள்மேல் நம்பிக்கை இழந்து, 1874-இல் கைவழி மருத்துவத்தை அறிவித்தார். 1892-இல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் பள்ளி தொடங்கினார். அந்த மரபு அமெரிக்காவில் முழு மருத்துவமாக வளர்ந்தது. அங்கே டி.ஓ. என்பவர் எம்.டி.க்கு நிகரான டாக்டர். மருந்து எழுதுவார், அறுவை சிகிச்சையும் செய்வார். அதைப் பகுதிநேரத்தில் படிக்க முடியாது. ஸ்டிலின் வழிவந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் 1917-இல் லண்டனில் தொடங்கிய பள்ளியிலிருந்து பிரிட்டனில் கிளைத்தது வேறு தொழில். இங்கே ஆஸ்டியோபத் மருந்து எழுதுவதில்லை. எழுத்து இரண்டும் ஒன்றுதான், தகுதி ஒன்றல்ல. நோயாளி ஏமாறக்கூடிய இடம் இது என்பதால் இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

நாடு மாறினால் சட்டமும் மாறும். பிரான்சில் 4,860 மணி நேரப் படிப்பு. ஜெர்மனியில் பிசியோக்கள் வேலை பார்த்துக்கொண்டே வார இறுதிகளில் ஆண்டுக்கணக்கில் படிப்பது சகஜம். ஆனால் டாக்டராக இல்லாதவர் தனித்துத் தொழில் செய்ய, 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தரப்படும் இயற்கை வைத்திய அனுமதி வேண்டும். இந்தியாவில் ஒடிசாவின் ஸ்ரீ ஸ்ரீ பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு இருக்கிறது. பிரிட்டனில் உள்ளதுபோல் ஆஸ்டியோபதிக்கென்று தனிச் சட்டமும் பதிவேடும் இல்லை. எங்கே வேலை செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்த பிறகுதான் எங்கே படிப்பது என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக, எல்லா நோயும் இதில் தீரும் என்ற நம்பிக்கை. இதைப் படித்தவர்களே பரப்புவதுதான் எனக்கு வருத்தம். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட முதுகுவலி வழிகாட்டி, கைச்சிகிச்சை தரலாம், ஆனால் உடற்பயிற்சியோடு சேர்ந்த சிகிச்சையின் ஒரு பகுதியாக மட்டுமே என்கிறது. அந்த எல்லைக்குள் நாங்கள் பயனுள்ளவர்கள். மண்டையோட்டு எலும்புகளின் நுண்ணிய அசைவைக் கையால் உணர்ந்து குணப்படுத்தலாம் என்ற வில்லியம் சதர்லாண்ட் என்ற ஆஸ்டியோபத்தின் கருத்தையும் எங்களுக்கு வகுப்பில் கற்பித்தார்கள். ஒரே தலையைத் தொட்டுப் பார்க்கும் இரண்டு பேர் ஒரே தாளத்தைச் சொல்வதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான் அதைத் தேர்வுக்காகப் படித்தேன், நோயாளிகளிடம் செய்வதில்லை. கையின் உணர்வைப் பெருக்கிக்கொள்ள ஐந்து ஆண்டு உழைத்தவருக்கு, கை சொல்வதையெல்லாம் நம்பிவிடும் ஆபத்தும் கூடவே வரும். மருத்துவமனையில் ஆதாரம் கேட்டுப் பழகியவர்கள் இந்த வகுப்புகளுக்கு வர வேண்டும் என்று நான் விரும்புவதற்கு முதல் காரணமே இதுதான்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. என்.எச்.எஸ். ஆஸ்டியோபத்களைத் துணை மருத்துவத் துறையினரில் ஒருவராக 2017 முதல் ஏற்றுக்கொண்டாலும், பெரும்பாலோர் சொந்தத் தொழில்தான் செய்கிறார்கள். பட்டம் வாங்கியதும் பதவி உயர்வு வரும் என்று எண்ணிக் கடன் வாங்காதீர்கள். பிசியோ பதிவையும் வைத்துக்கொண்டால் இரண்டு பதிவுக் கட்டணம். தொடர்கல்வி மூன்று ஆண்டுக்கு 90 மணி நேரம், அதில் பாதி மற்றவர்களோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும்.

சேரும் முன் ஒன்று செய்யுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். கல்லூரிகளின் பயிற்சி மருத்துவமனைக்குக் குறைந்த கட்டணத்தில் யாரும் போகலாம். நோயாளியாகப் போய் அந்த மேசையில் படுத்துப் பாருங்கள். போன மாதம் அழைத்த தங்கை அப்படியே போய்விட்டு வந்து பேசினாள்.

"ஒன்றரை மணி நேரம் ஆச்சு அக்கா. முதல் முக்கால் மணி நேரம் கேள்வி மட்டும்தான். என்னைப் பார்த்தவரும் நர்ஸ்தானாம், நைட் டியூட்டி முடிச்சு வந்திருந்தார். என் தோள்ல கை வெச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் ஆசிரியரைக் கூப்பிட்டார். அவங்க வந்து அதே இடத்துல கை வெச்சாங்க. ரெண்டு பேரும் ஏதோ பேசிக்கிட்டாங்க. அவர் மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிச்சார்."

"எத்தனாவது வருஷம் படிக்கிறாராம்?"

"நாலாவது வருஷம் அக்கா."