கூரைக்கு ஏற்ற காப்பு

பினாங்குத் தீவின் கிழக்குப் பகுதியில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்துள்ள வட்டாரம் கெலுகோர். அங்கு ஒரு குடும்பம் இரட்டை மாடி வீடு கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பல்லாண்டுச் சேமிப்பு அதில் அடங்கியிருக்கிறது. உட்கூரையைப் பொருத்துவதற்கு முன்பே, கூரைக்கு எந்த வெப்பக் காப்பைத் தேர்ந்தெடுப்பது என்று அக்குடும்பம் முடிவெடுக்க வேண்டும்.

பினாங்கு, நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 5 பாகை வடக்கே உள்ளது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முற்பகுதியிலும் நண்பகல் கதிரவன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறது. ஆகவே, வீட்டின் மற்றப் பகுதிகளைவிடக் கூரையே மிகுதியான வெயிலைத் தாங்குகிறது. குளிர்நாடுகளில் வீட்டினுள் இருக்கும் வெப்பம் வெளியேறாமல் தடுக்கக் காப்பு தேவை. நமக்கோ வெளியில் உள்ள வெப்பம் உள்ளே நுழையாமல் தடுக்க வேண்டும்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். கம்பத்து வீடுகளின் அத்தாப்புக் கூரை வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் நடுவே அமைந்த திறந்த முற்றம், சூடான காற்றை மேலே வெளியேற்றியது. இன்றைய ஓட்டுக் கூரைகளும் தகரக் கூரைகளும் சூடேறியதும் கீழ்நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசுகின்றன. அதனால்தான் மாலையிலும் மேல்மாடி புழுங்குகிறது.

தெளிப்பு நுரை என்பது பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்தது. பாலியூரித்தேன் 1937ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஒட்டோ பாயர் குழுவினரால் உருவாக்கப்பட்டது. இரண்டு திரவங்கள் தெளிப்புக் குழலில் கலந்து, கூரையின் அடிப்பகுதியில் பட்டதும் பொங்கி இறுகுகின்றன. சிறு இடுக்குகளும் அடைபடுகின்றன. நுரையின் நுண்ணறைகள் மூடியிருந்தால் காப்பு வலுவாக இருக்கும். அத்தகைய நுரை 50 மில்லிமீட்டர் தடிமனில் தரும் காப்பைப் பெற, பாறைப் பஞ்சு ஏறத்தாழ 75 மில்லிமீட்டர் தடிமனில் இருக்க வேண்டும். தகரக் கூரையில் இந்நுரை மழையின் இரைச்சலையும் ஓரளவு குறைக்கும்.

எனினும், நன்மையை மட்டும் பார்த்து முடிவெடுத்தல் தகாது. தெளிக்கும்போது எழும் ஐசோசயனேட் ஆவி மூச்சுக்குழலைப் பாதித்து ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடும். ஆகையால், பயிற்சி பெற்ற பணியாளர்கள் உரிய சுவாசக் கவசம் அணிந்தே தெளிக்க வேண்டும். நுரை முழுமையாக இறுகி, காற்றோட்டத்தால் ஆவி நீங்கும்வரை வேறெவரும் உள்ளே செல்லக் கூடாது. தீப்பிடித்தால் இந்நுரை நச்சுப் புகையை வெளியிடும். எனவே, அதனைத் தீத்தடுப்புப் பலகையால் மூடுவது பாதுகாப்பானது. ஓடுகளின் அடியில் நேரடியாகத் தெளித்தால், அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு உடைந்த ஓடு ஒன்றை மாற்றுவதும் மழைநீர் கசியும் இடத்தைக் கண்டறிவதும் கடினம். கசிவு மறைந்தே இருந்தால், மரச்சட்டங்கள் உளுத்துப்போகும்.

மாற்று வழிகளும் உள்ளன. ஓடுகளுக்கு அடியில் விரிக்கப்படும் அலுமினியப் படலம் கதிர்வீச்சு வெப்பத்தைப் பெரிதும் தடுக்கும். ஆனால், அதன் பளபளப்பான பக்கத்தை ஒட்டிக் காற்று இடைவெளி இருக்க வேண்டும். அப்பக்கம் கீழ்நோக்கி இருந்தால் தூசி படியாது. உட்கூரையின் மேல் பாறைப் பஞ்சைப் பரப்பினால் காப்பு மேலும் வலுப்படும். இவ்விரண்டையும் பின்னர் அகற்றவும் மாற்றவும் இயலும். நுரையை அவ்வாறு எளிதில் அகற்ற இயலாது.

ஆகவே, கூரை ஓட்டால் ஆனதா தகரத்தால் ஆனதா, பிற்காலத்தில் அதைப் பழுதுபார்ப்பது எப்படி, தீப்பாதுகாப்பு உண்டா என்பனவற்றை முதலில் ஆராய வேண்டும். ஓட்டு வீட்டிற்குப் படலமும் பாறைப் பஞ்சும் பெரும்பாலும் பொருத்தமாக அமையும். தகரக் கூரைக்கு நுரையையும் கருத்தில் கொள்ளலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும், மேற்குச் சுவருக்கு நிழலும் இரவில் காற்றோட்டமும் வேண்டும். சுவர்கள் பகலில் சேர்த்த வெப்பத்தைக் கூரைக் காப்பு மட்டும் போக்கிவிடாது.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது பழமொழி. விலையையும் விளம்பரத்தையும் மட்டும் பார்க்காமல், வெப்பம் வரும் வழியை அறிந்து தேர்ந்தெடுப்பவரின் வீடே குளுமையாகவும் பாதுகாப்பாகவும் இருக்கும்.